தனியாக நெய்கிறவருக்குக் குழு எதற்கு?

ஜனவரி 6 – வந்த கேள்வி

"வீட்டில் ஒரு சின்ன மேசைத் தறி இருக்கிறது. கொஞ்சம் பூத்தையலும் உண்டு. எல்லாமே வீடியோ பார்த்துப் பழகியது. துணி, இழை வேலை செய்கிற கலைஞர்கள் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். சந்தா, மாதக் கூட்டம், வருடத்துக்கு ஒரு கண்காட்சி. வீடியோவில் கிடைக்காத எது அங்கே கிடைத்துவிடப் போகிறது? நாலு பேர் கூடினால் நெசவு நின்று பேச்சுதான் ஓடும் என்பது என் எண்ணம். தவிர, என்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகவும் இருக்கிறது."

ஜனவரி 6, இரவு

பேச்சு ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீடியோவில் துணியைத் தொட முடியாதே.

எங்கள் கூட்டம் ஒன்றில் ஒருவர் கம்பளிச் சால்வை கொண்டுவந்தார். படத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. கரை நேராக இருந்தது, நிறமும் நன்றாக இருந்தது. கையில் வாங்கினால் அட்டை மாதிரி விறைப்பு. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தோம். ஒருவர் இரண்டு விரலுக்கு நடுவே மடித்தார், ஒருவர் மூலைவாட்டில் இழுத்தார். கடைசியாக வாங்கியவர் மோந்து பார்த்துவிட்டு, "கோன் நூலா?" என்றார். ஆமாம். "எண்ணெய் இன்னும் போகவில்லை." கோனில் வருகிற கம்பளி நூலில் நூற்கும்போது பூசிய எண்ணெய் இருக்கும். இறுக்கமாக, மெலிந்து தெரியும். நெய்து முடித்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசினால்தான் இழை உப்பி மிருதுவாகும். அவர் சால்வையோடு நெய்த சோதனைத் துண்டை அங்கேயே தொட்டித் தண்ணீரில் போட்டுக் கசக்கிக் காட்டினார். ஈரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

இந்தத் தகவல் எத்தனையோ வீடியோக்களில் இருக்கிறது. ஆனால் அந்த விறைப்புக்குக் காரணம் அதுதான் என்று தெரிந்தால்தானே அந்த வீடியோவைத் தேடப் போவீர்கள்?

ஜனவரி 7

சேருவதற்கு முன்னால் பார்வையாளராக ஒருமுறை போய் வாருங்கள். மேடையில் யார் பேசுகிறார் என்பதை விட்டுவிடுங்கள். மேசையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். மேசை காலியாக இருந்தால் யோசிக்க வேண்டிய குழுதான்.

ஜனவரி 9

"குழு" என்று நான் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எல்லாம் ஒரே ரகம் இல்லை.

ஆர்வம் இருந்தால் போதும், யாரும் வரலாம் என்கிற சங்கங்கள் ஒரு வகை. இவற்றில் சில நல்ல வயதானவை. பிரிட்டனின் பூத்தையல் சங்கம் 1906-லேயே தொடங்கியது. அமெரிக்கக் கைநெசவாளர் சங்கம் 1969-ல் வந்தது. தேர்வு வைத்துச் சேர்க்கிற குழுக்கள் இன்னொரு வகை. பிரிட்டனில் 1962-ல் ஆரம்பித்த '62 குழு' அப்படித்தான். உங்கள் வேலையைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள், சேர்ந்த பிறகும் கண்காட்சிக்குக் கொடுப்பதெல்லாம் மறுபடி தேர்வுக்குப் போகும். உறுப்பினர் அட்டை கிடைத்ததும் காலை நீட்டிக்கொள்ள முடியாது.

மூன்றாவது, பிழைப்புக்காகக் கூடுகிறவர்கள். 1966-ல் அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' கூட்டுறவைச் சொல்லலாம். சிவில் உரிமைப் போராட்டம் நடந்த காலம், வேலையும் நிலமும் பறிபோகிற பயம், கையில் இருந்தது பழந்துணி ஒட்டுத்தையல். அதை விற்றுப் பணம் பார்த்தார்கள். அந்தப் பெண்களிடம் போய் "குழுவில் சேர்வதால் என்ன பயன்?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நீங்கள் சொல்வது முதல் வகை என்று நினைக்கிறேன். சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். எதற்கும் படத்தொகுப்பு கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12

கலைஞர் கூச்சத்துக்கு வருகிறேன். இந்த ஒரு விவாதத்துக்காகக் குழுக்கள் செலவழித்த மணிநேரத்தில் ஊருக்கே போர்வை நெய்திருக்கலாம்.

பழைய கதை கொஞ்சம் உதவும். 1919-ல் ஜெர்மனியில் பாவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி திறந்தபோது பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம வாய்ப்பு என்றுதான் அறிவித்தார்கள். வந்து சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆன்னி ஆல்பர்ஸ் கண்ணாடி வேலை கற்க ஆசைப்பட்டவர், வேறு வழியில்லாமல் தறிக்குப் போனவர். அவருக்குத்தான் 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்தது. ஒரு நெசவுக்காரருக்கு அந்த அருங்காட்சியகம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அவர் பயின்ற பட்டறையை நடத்திய குன்டா ஷ்டோல்ட்ஸ்ல் நெசவை விரும்பி எடுத்தவர். ஆக, தள்ளப்பட்டு வந்தவரும் விரும்பி வந்தவரும் ஒரே பட்டறையில் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் 1962-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சுவர்த்திரைகளுக்கென்று சர்வதேசக் கண்காட்சி ஆரம்பித்தது. 1995 வரை நடந்தது. போலந்தின் மக்தலேனா அபகனோவிச் அங்கே காட்டத் தொடங்கி, சில ஆண்டுகளில் கற்றாழை நாரில் ஆள் உயரத்துக்கும் மேலே தொங்குகிற பிரம்மாண்ட உருவங்களுக்குப் போய்விட்டார். சுவரில் மாட்ட வேண்டிய சரக்கு சுவரை விட்டு இறங்கி வந்து அறையை அடைத்துக்கொண்டு நின்றது. இங்கே இந்தியாவில் மிருணாளினி முகர்ஜி தறியே இல்லாமல், சணல் வகைக் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் சிலைகள் செய்தார். அதைச் சிற்பம் என்பதா கைவேலை என்பதா என்று மற்றவர்கள் முழித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்றுதானே உங்கள் கவலை? 'நெசவு' என்று எழுதுங்கள். நகருங்கள்.

ஜனவரி 13

ஊருக்கே போர்வை என்றது கொஞ்சம் மிகை. தெருவுக்கு வரும்.

ஜனவரி 18

என் பார்வையில் கண்காட்சியைவிடப் பெரிய லாபம் மாதிரித்துணிப் பரிமாற்றம்தான். நடைமுறை இது: பரிமாற்றத்தில் எத்தனை பேரோ அத்தனை துண்டுகள் ஒரே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரே நூல் வரிசையில், நெய்யவேண்டும். கையகலத் துண்டுதான். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மற்றவர்கள் நெய்ததில் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்வீர்கள். ஒவ்வொரு துண்டோடும் ஒரு தாள் வரும். என்ன இழை, எந்த நம்பர், அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை (குறுக்கு நூல்), விழுது (பாவு நூலைத் தூக்கும் கண்ணி) கோர்த்த முறை, தறியிலிருந்து எடுத்தபோது என்ன அளவு, அலசியபின் என்ன அளவு.

இந்தக் கடைசி இரண்டு எண்களில்தான் விஷயமே. பருத்தி எவ்வளவு சுருங்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரு சதவீதம் சொல்வார்கள். எவர் தறியில், எந்த நெருக்கத்தில், எந்தத் தண்ணீரில் என்று சொல்ல மாட்டார்கள். தாளில் அது இருக்கும், துண்டும் கூடவே இருக்கும். ஒரே நூல், ஒரே நெருக்கம், இரண்டு பேர் நெய்தது என்று என் கோப்பில் ஒரு ஜோடி உண்டு. ஒன்று திரைச்சீலைக்கு ஆகும், மற்றது பைக்குத்தான் ஆகும். ஊடையை அடித்த கை வேறு, அவ்வளவுதான்.

தாளை ஒழுங்காக நிரப்பாதவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. "வெள்ளைப் பருத்தி, கொஞ்சம் தடிமன்" என்று எழுதித் தந்த ஒருவரை நாங்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறோம்.

ஜனவரி 19

"நூல் நம்பர் எனக்குக் குழப்பம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குழப்பம் உங்களிடம் இல்லை, நம்பரில் இருக்கிறது.

பருத்தி நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் (நூல் கற்றை) எத்தனை என்பது. அதனால் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20 நம்பர் ஒற்றை நூல் என்றால் பவுண்டுக்கு 20 × 840, அதாவது 16,800 கஜம். அதையே இரட்டையாக முறுக்கினால் பாதி, 8,400 கஜம். சீவிய கம்பளி நூலுக்குச் சிட்டம் 560 கஜம், லினனுக்கு 300. ஆக 20 நம்பர் பருத்தியும் 20 நம்பர் லினனும் ஒரே தடிமன் இல்லை. டெனியர் நேர் எதிர். 9,000 மீட்டர் எத்தனை கிராம் என்பது அது, எண் ஏறினால் நூல் தடிக்கும். இந்தச் சண்டையெல்லாம் தீரட்டும் என்றுதான் 1,000 மீட்டருக்கு இத்தனை கிராம் என்று டெக்ஸ் கொண்டுவந்தார்கள். எங்கள் கூட்டத்தில் டெக்ஸ் என்று வாய்திறந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

நம்பரே தெரியாத நூல் கையில் இருந்தால், அளவுகோலில் ஓர் அங்குலத்துக்கு இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றி எண்ணுங்கள். அதில் பாதி, அங்குலத்துக்குப் பாவு.

ஜனவரி 20

"பாதி என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள், ட்வில் நெய்கிறவர் என்ன செய்வார்?" என்று திட்டு விழுந்திருக்கிறது. நியாயம்தான். துணியில் சாய்ந்த வரி விழுகிற நெசவுதான் ட்வில். பாதி என்பது ஒன்று மேல் ஒன்று கீழ் என்று போகிற சாதா நெசவுக்கு. அதில் ஒவ்வொரு பாவு இழைக்குப் பக்கத்திலும் ஊடை மேலிருந்து கீழே நுழைய இடம் வேண்டும், அதனால் இழைக்கு ஓர் இடம், ஊடைக்கு ஓர் இடம். இரண்டு மேல் இரண்டு கீழ் ட்வில்லில் நாலு இழைக்கு இரண்டு முறைதான் ஊடை நுழைகிறது. ஆறு இடத்தில் நாலு இழை, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அங்குலத்துக்கு 30 சுற்று வந்தால் சாதா நெசவுக்கு 15, ட்வில்லுக்கு 20.

அலசி உப்பவைக்கப் போகிற கம்பளிக்கு இதையும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதற்குத்தான் மாதிரித்துணிக் கோப்பு.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டாராம். மேசை நிறைய இருந்ததாம், ஆனால் "ஒவ்வொன்றையும் எடுத்து அழகு, அழகு என்றார்கள், வேறொன்றும் சொல்லவில்லை" என்கிறார்.

இது எல்லாக் குழுவுக்கும் வருகிற நோய். யாரும் யார் மனதையும் நோகடிக்க விரும்புவதில்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. எங்களிடம் ஓரளவுக்குக் கைகொடுத்த ஏற்பாடு ஒன்று உண்டு. செய்தவர் முதலில் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லவேண்டும்: "இடது கரை உள்ளே இழுக்கிறது", "சிவப்பு வந்ததும் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது", "பின்பக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது". நன்று, நன்றில்லை என்ற சொற்களுக்கு அன்று விடுமுறை. கடைசியில் செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பூத்தையல்காரர்களுக்குத்தான் இது ஆரம்பத்தில் கஷ்டம், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னால் முகம் மாறிவிடும்.

அந்த 'அழகு' குழுவை உடனே ஒதுக்க வேண்டாம். புதிதாக வந்தவர் முன்னால் அடக்கி வாசித்திருப்பார்கள்.

பிப்ரவரி 3

குழுவின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

அலமாரிச் சாவி யாரிடம் என்பதில் உறவு முறிந்த குழுக்களை எனக்குத் தெரியும். எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற ஒருவர் இருப்பார், ஒருநாள் அவர் அலுத்துப்போய் நின்றுவிட்டால் குழுவே நின்றுவிடும். இரவல் போன பாவு ஓட்டும் சட்டம் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இதைவிடக் கசப்பு, ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்து அப்படியே செய்வது. தையல் வகையும் நெசவு முறையும் யாருக்கும் சொந்தமில்லை. ட்வில்லுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஒருவர் வரைந்து விற்கிற வடிவத்தாளை நகலெடுத்துக் குழு முழுக்கக் கொடுப்பது வேறு சமாச்சாரம். காசு மிச்சம் என்று நாலு பேர் சொல்வார்கள், வரைந்தவரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். நான் இருந்த ஒரு குழு இதில்தான் இரண்டாகப் பிரிந்தது. கொஞ்ச காலம் எந்தப் பக்கமும் போகாமல் வீட்டிலேயே நெய்துகொண்டிருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நெய்த எதையும் அலசி, அளந்து, தாளில் எழுதிவைக்கவில்லை. கேட்க ஆள் இல்லையே.

பிப்ரவரி 4

பூச்சியை மறந்துவிட்டேன்.

குழுவுக்கு யாராவது பழைய கம்பளி நூலை மூட்டையாகக் கொடுப்பார்கள். இலவசம் என்றதும் எல்லோருக்கும் கை நீளும். பிரித்துப் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனால், அந்துப்பூச்சியையும் பங்கு போட்டதாக ஆகும். பறக்கிற பூச்சி தின்னாது, தின்பது அதன் புழு. முடி, கம்பளி, இறகு என்றால் அதற்கு விருந்து. சுத்தமான பருத்தியை அநேகமாகத் தொடாது. நூலை உதறினால் துண்டு துண்டாக விழுகிறதா, மணல் போலத் துகள் கொட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பையில் காற்றுப் போகாமல் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். அருங்காட்சியகங்களில் இருப்பதுபோல் மைனஸ் 30 கிடைத்தால் மூன்று நாள் போதும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நூலெல்லாம் நனைந்துவிடும்.

"உறைபெட்டியில் நூலா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

பிப்ரவரி 11

சாயம் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், குழுவாகச் செய்யவே பிறந்த வேலை என்றால் நீலச் சாயத் தொட்டிதான். தனி ஆளுக்கு ஒரு தொட்டி நிறையத் தயாரித்து, ஒரு கைக்குட்டை தோய்த்துவிட்டு மூடிவைப்பது வீண்.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரமான தண்ணீரில், பிராணவாயுவை எடுத்துவிட்டால்தான் கரையும். நாங்கள் வைப்பது நீலம் 1 பங்கு, சுண்ணாம்பு 2, பழச்சர்க்கரை 3. சர்க்கரைதான் பிராணவாயுவை இழுக்கிறது. பக்குவம் வந்த தொட்டியின் மேலே செம்புநிற ஆடை படியும், அதை விலக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள் பச்சைத் தெளிவு. துணியை நனைத்துப் பிழிந்து, சலனமில்லாமல் இறக்கி, தண்ணீருக்குள்ளேயே பிசையவேண்டும். எடுக்கும்போதும் உள்ளேயே பிழிந்து எடுங்கள். மேலே தூக்கிச் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் காற்றைக் கொண்டுபோய்த் தொட்டியில் கலக்கும். வெளியே வருகிற துணி பச்சையாக இருக்கும், மடிப்பைப் பிரிக்கப் பிரிக்கக் காற்றுப்பட்ட இடமெல்லாம் நீலமாகும். மடிப்புக்குள் மட்டும் கொஞ்ச நேரம் பச்சை ஒளிந்திருக்கும். கரும் நீலம் வேண்டுமென்றால் நெடுநேரம் ஊறவைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தோய்த்து ஆறவிடுங்கள்.

இதில் ஒருவர் கலக்க, ஒருவர் பிசைய, ஒருவர் உலர்த்த ஆள் வேண்டும். "சொட்டவிடாதே" என்று கத்தவும் ஒருவர் வேண்டும். எங்களிடம் அந்தப் பதவிக்குப் போட்டி அதிகம்.

சாயப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக்கூடாது. பொடி அள்ளும்போது முகக்கவசம். இரண்டையும் கேட்காத குழுவில் சாய நாளன்று மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 20

கண்காட்சி என்றதும் பயந்திருந்தீர்கள். குழுக் கண்காட்சியில் உங்கள் துணிக்கு நேரப்போகும் ஆபத்து விமர்சனம் இல்லை, விரல்தான். ஓவியத்தைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், துணி என்றால் கை தானாகப் போகும். 'தொடாதீர்கள்' என்ற பலகையால் ஒரு பலனும் இல்லை. ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் அதே நூலில் நெய்த ஒரு துண்டை, தொடுவதற்கென்றே தொங்கவிட்டோம். கைகள் அங்கே போயின. மாலையில் பார்த்தால் அந்தத் துண்டுகள் அழுக்கேறித் தளர்ந்து கிடந்தன, பெரிய வேலைகள் தப்பித்தன.

மற்றவை சுருக்கமாக: ஆணி அடித்துத் தொங்கவிடாமல் பின்னால் உறை தைத்து அதில் கட்டை நுழையுங்கள், எடை பரவலாகும். மடிக்காமல் சுருட்டுங்கள். வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது மங்கலாக, என்பது அருங்காட்சியகக் கணக்கு. வாடகைக் கூடத்தில் அது நடக்காது, ஜன்னல் வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். முதலில் போகிறவருக்குத்தான் நல்ல சுவர்.

மார்ச் 2

சேர்ந்துவிட்டாராம். முதல் கூட்டத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று கேட்கிறார், "முடித்ததிலேயே நல்லதாக ஒன்று" என்று அவரே பதிலும் வைத்திருக்கிறார்.

நல்லதை வீட்டில் வையுங்கள். எங்கே சிக்கலோ அதைக் கொண்டுபோங்கள், தறியிலிருந்து பாதியில் அறுத்ததாக இருந்தாலும் சரி. கூடவே அதே நூல் கொஞ்சம், ஒரு அளவு நாடா, பேனா. தாளில் நம்பரைத் தெளிவாக எழுதுங்கள். 'கொஞ்சம் தடிமன்' என்ற பட்டப்பெயர் எங்கள் குழுவில் ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டது, உங்கள் குழுவில் அது இன்னும் காலியாக இருக்கலாம்.